காலி டப்பா, கழுவின டப்பா, இல்லாத டப்பா: மதிப்பில்லாத மாறிகளுக்குச் சில கைக்குறிப்புகள்

ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க் செய்து கொடுக்கும் சின்ன யூனிட்டுகள் நிறைய உண்டு. கட்டிங்குக்கு எத்தனை சதுர அடி தோல் போனது, தையலிலிருந்து எத்தனை ஜோடி அப்பர் வந்தது, எத்தனை கழிந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கணக்கெல்லாம் இப்போது போனில் திறக்கிற வெப் பக்கத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கங்களை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒருநாள் பேக்கிங் லிஸ்ட்டில் நிறம் வரவேண்டிய கட்டத்தில் ‘அன்டிஃபைன்ட்’ என்று அச்சாகிப் போய்விட்டது. ஸ்டோரிலிருந்து பாய் போன் செய்தார். “ஏம்மா, பிளாக் தெரியும், டேன் தெரியும், இது என்ன புதுக் கலரு?” தப்பு என்னுடையதுதான். நிறத்தைத் தொடாமலே படிவத்தை அனுப்ப முடிகிற மாதிரி விட்டிருந்தேன். அன்று தொடங்கிச் சேர்த்த குறிப்புகள் இவை.

ஒரு வசதி. ஜாவாஸ்கிரிப்டிலும் பி.எச்.பி.யிலும் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஓடும். அதனால் கீழே வரும் உதாரணங்களில் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. மொழியின் சொந்தச் சொற்களை மட்டும் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். அவற்றை நீங்கள் வழக்கம்போல் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

1. முதலில் காலியில் எத்தனை வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். சமையலறை அலமாரியை நினைத்துக்கொண்டால் போதும். ‘மிளகு’ என்று டப்பாவே இல்லை என்றால் அது அறிவிக்கப்படாத மாறி. தொட்டால் ஜாவாஸ்கிரிப்ட் பிழை சொல்லி நின்றுவிடும். டப்பா வாங்கிப் பெயர் ஒட்டியாயிற்று, இன்னும் எதுவும் போடவில்லை என்றால் அது அன்டிஃபைன்ட். மிளகு தீர்ந்ததும் கழுவிக் கவிழ்த்து வைத்த டப்பா நல். ஒருவர் வேண்டுமென்றே காலியாக்கியது. (தமிழில் எழுதினால் ‘நல்’ என்று எவ்வளவு நல்ல பெயர்! உச்சரிப்பு வேறு, குணமும் வேறு.) உள்ளே வெறும் காகிதப் பொட்டலம் மட்டும் கிடந்தால் அது காலிச் சரம், அதாவது இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒன்றும் இல்லாதது. 0 இந்தக் கூட்டத்தில் சேராது. 0 என்பது எண்ணிப் பார்த்துச் சொன்ன பதில்.

டைப்ஆஃப் போட்டு நல்லைச் சோதிக்காதீர்கள். ‘ஆப்ஜெக்ட்’ என்று பொய் சொல்லும். 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் 10 நாளில் எழுதிய முதல் ஜாவாஸ்கிரிப்டிலேயே இருந்த பிழை அது. அதைத் திருத்தினால் பழைய வலைத்தளங்கள் உடைந்துபோகும் என்று இன்றுவரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். நல்லா என்று பார்க்க === போதும். நல், அன்டிஃபைன்ட் இரண்டையும் ஒரே வீச்சில் பிடிக்க வேண்டுமானால் மட்டும் இரண்டு சமக்குறி: நிறம் == நல்.

2. அறிவிக்கும்போதே தொடக்க மதிப்பைக் கொடுங்கள். கூட்டுத்தொகைக்கு 0, பட்டியலுக்குக் காலிப் பட்டியல். கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? அன்டிஃபைன்டோடு 5-ஐக் கூட்டினால் ‘நேன்’, அதாவது எண் அல்ல என்ற விடை வரும். ஒரு ஜோடியின் கணக்கில் நேன் விழுந்தால் அன்றைய மொத்தமும் நேன், மாத மொத்தமும் நேன். பாலில் விழுந்த ஒரு துளி மோர் மாதிரி. நல்லோடு 5-ஐக் கூட்டினால் வருவது 5. இதுதான் இன்னும் ஆபத்து, ஏனென்றால் சத்தமே வராது. நேன் தனக்குத் தானே சமம் இல்லை. அதைப் பிடிக்க நம்பர்.இஸ்நேன் என்று கேட்க வேண்டும்.

அதற்காக எல்லா இடத்திலும் 0-வை வாரி இறைக்க வேண்டாம். வெறுமைக்கு என்ன பொருள் என்று தொழிலே முடிவு செய்து வைத்திருக்கும் இடங்களில் மட்டும் போடுங்கள். பழைய வழக்கப்படி தோலின் பின்புறம் சதுர அடியைக் குறிக்கும்போது பெரிய எண்ணுக்கு மேலே சின்னதாக 1, 2, 3 என்று கால், அரை, முக்காலை எழுதுவார்கள். 22-க்கு மேலே 2 இருந்தால் இருபத்திரண்டரை. மேலே ஒன்றுமே இல்லை என்றால் கால் கணக்கு 0. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆர்டர் தாளில் 6-லிருந்து 11 வரை சைஸ் போட்டு, 10-க்குக் கீழே கட்டம் காலியாக இருந்தால் அந்த சைஸில் ஆர்டர் இல்லை. இங்கெல்லாம் 0 சரி. ஆனால் தடிமன் கட்டம் காலியாக இருந்தால் தோலுக்கு 0 மில்லிமீட்டர் தடிமன் என்று யாராவது சொல்வார்களா? அங்கே நல்.

3. ‘வார்’ வேண்டாம், ‘லெட்’, ‘கான்ஸ்ட்’ போதும். ‘வார்’ போட்ட மாறியை அறிவிப்புக்கு முன்னாலேயே தொட்டாலும் அது அன்டிஃபைன்ட் என்று கமுக்கமாகப் பதில் சொல்லும். மற்ற இரண்டும் உடனே பிழை காட்டும். கத்துகிற பிழை நல்ல பிழை.

4. இரட்டைக் கோடு (||) போட்டு மாற்று மதிப்பு கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். எங்கள் பக்கத்துக் கணக்கில் அதிகமாகக் காலை வாரியது இதுதான். தணிக்கை மேசையில் கழிவு எத்தனை ஜோடி என்று பதிகிறார்கள். பதியாவிட்டால் ‘பதியவில்லை’ என்று காட்ட நினைத்து இப்படி எழுதியிருந்தேன்:

கழிவு || "பதியவில்லை"

பதியாதபோது சரியாகத்தான் காட்டியது. ஒரு ஜோடிகூடக் கழியாத நாளிலும் ‘பதியவில்லை’ என்றே காட்டியது! இரட்டைக் கோட்டுக்கு 0, காலிச் சரம், பொய் எல்லாமே ஒன்றும் இல்லாததற்குச் சமம். ஒரு லைன் முழுக்கக் கவனமாகத் தைத்து, கழிவு 0 என்று பெருமையாகப் பதிந்தவர்களிடம் “ஏன் பதியவில்லை?” என்று சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது இப்படி:

கழிவு ?? "பதியவில்லை"

இரட்டைக் கேள்விக்குறி நல், அன்டிஃபைன்ட் இரண்டுக்கு மட்டுமே மாற்று தரும், 0-வைத் தொடாது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2020 பதிப்பில்தான் வந்தது. பி.எச்.பி.யில் அதற்கு முன்பே, 2015 டிசம்பரில் வெளியான 7-ஆம் பதிப்பிலேயே இருக்கிறது. பி.எச்.பி.யில் ?: என்று எழுதினால் மறுபடி பழைய கோளாறுதான், கவனம். ஃபங்ஷனுக்குள் இயல்பு மதிப்பு கொடுத்திருந்தாலும் அது அன்டிஃபைன்டுக்கு மட்டுமே வேலை செய்யும். நல்லை அனுப்பினால் நல்லாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

5. படிவம் எதை அனுப்புகிறது, எதை அனுப்புவதே இல்லை என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். காலியாக விட்ட எழுத்துக் கட்டம் காலிச் சரமாக வரும். டிக் செய்யாத கட்டம் வரவே வராது. முடக்கி வைத்த கட்டமும் வராது. படிக்க மட்டும் என்று வைத்தது வரும். ஆகவே ‘அவசர ஆர்டர்’ டிக்கை எடுத்துவிட்டு அனுப்பினால் சர்வர் பக்கம் அந்தப் பெயரே இருக்காது. இருப்பதை மட்டும் புதுப்பிப்போம் என்று எழுதியிருந்தால் பழைய டிக் அழியாமல் அப்படியே நிற்கும்.

பி.எச்.பி.யில் இஸ்செட் கேட்பது “வந்ததா, நல் இல்லையே?” என்று. எம்ப்டி கேட்பது “பயனில்லாததா?” என்று. பயனர் 0 என்று அடித்து அனுப்பியதையும் எம்ப்டி காலி என்றே சொல்லும். எண் வரும் கட்டங்களில் எம்ப்டியைப் பயன்படுத்தவே வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு நேர் எதிரான சூழ்ச்சி: காலிச் சரத்தை நம்பர் என்று மாற்றினால் 0 கிடைக்கும், பார்ஸ்இன்ட் செய்தால் நேன் கிடைக்கும். முதலில் ட்ரிம் செய்து, காலியா என்று பார்த்து, காலி என்றால் நல் ஆக்கி, பிறகே எண்ணாக மாற்றுங்கள். இதை ஒரே இடத்தில், வாசலிலேயே செய்துவிட்டால் உள்ளே ஐம்பது இடத்தில் கேட்க வேண்டியதில்லை. லாராவெல் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வேலையைச் சட்டகமே செய்துவிடுகிறது. காலிச் சரம் எல்லாம் நல்லாகித்தான் உள்ளே வரும்.

6. ‘கடைசிப் பெயர்’ கட்டத்தைக் கட்டாயமாக்காதீர்கள். தமிழ்நாட்டில் படிவம் எழுதுகிறவர்கள் எல்லோரும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டியது இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுத் தன் பெயரை எழுதுகிறோம். வேறு ஊர்ப் பழக்கத்தில் செய்த படிவம் சிவப்புக் கோடு போட்டு “நிரப்பு” என்று மிரட்டினால் மக்கள் என்ன செய்வார்கள்? ஒரு புள்ளி வைப்பார்கள், ஒரு கோடு போடுவார்கள், தன் பெயரையே இரண்டாம் முறை எழுதுவார்கள், ‘கே’ என்று ஓர் எழுத்தை அடிப்பார்கள். பிறகு அந்தப் புள்ளி சம்பளச் சீட்டில் பெயராகவே அச்சாகும். காலியை அனுமதிக்காததால் பொய் சேர்ந்துகொண்டது.

இது விளையாட்டுச் சமாசாரம் இல்லை. பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறி, இயற்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் அந்த இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று போட்டுத் தருகிறார்கள். முதற்பெயர் தெரியாது என்று பொருள். அதையே பெயராக நினைத்து அழைத்தவர்களைச் சந்தித்தவர்கள் நம்மூரில் உண்டு. 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டும் இருப்பவர்களை வருகையாளர் விசாவில் விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. மேல்விஷாரத்திலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வளைகுடாவுக்குப் போய்வருகிற குடும்பங்களில் இந்தக் காலிக் கட்டம் எவ்வளவு பதற்றத்தைக் கிளப்பியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் படிவங்களில் இப்போது ‘பெயர்’, ‘தலைப்பெழுத்து’ என்று இரண்டே கட்டம். இரண்டாவது காலியாக இருக்கலாம்; நல்லாகச் சேமிக்கிறேன். காட்டும்போது இருந்தால் மட்டும் புள்ளியோடு சேர்க்கிறேன், இல்லாவிட்டால் புள்ளியும் கிடையாது.

இதன் மறுபக்கம் ஒரு கூத்து. கலிஃபோர்னியாவில் ஒரு கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் தன் காருக்கு ‘நல்’ என்ற எழுத்துகளையே நம்பர் பிளேட்டாக வாங்கினார். பிளேட் எண் பதியப்படாத அபராதச் சீட்டுகள் எல்லாம் அவர் வீடு தேடி வந்தன, கிட்டத்தட்ட 12,000 டாலருக்கு. 2019-இல் அவரே மேடையில் இதைச் சொன்னார். வெறுமையைக் குறிக்க ‘நல்’, ‘இல்லை’, ‘999’ என்று சொல்லையோ எண்ணையோ எழுதி வைக்காதீர்கள். என்றாவது ஒருநாள் அது யாருக்காவது உண்மையான மதிப்பாக இருக்கும்.

7. பட்டியலில் இருந்த பதில் நாளை இல்லாமலும் போகலாம். ஆம்பூர் எந்த மாவட்டம்? 2019 நவம்பர் வரை வேலூர். 28-ஆம் தேதி திருப்பத்தூர் தனி மாவட்டமாகத் தொடங்கியதும் ஆம்பூரும் வாணியம்பாடியும் அதற்குள் போயின. மேல்விஷாரம் ராணிப்பேட்டைக்குப் போனது. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. தோல் தொழிலின் ஊர்கள் மூன்று மாவட்டமாகப் பிரிந்தன, பழைய பதிவுகளோ ‘வேலூர்’ என்றே கிடந்தன. மாவட்டம், அதற்குள் தாலுகா என்று இறங்குகிற பட்டியலைப் புதுப்பித்தபோது வேலூருக்குள் ஆம்பூரைத் தேடிய என் ஃபைண்ட் அன்டிஃபைன்டைக் கொடுத்தது. அதன் பின்கோடைக் கேட்ட அடுத்த வரியில் பக்கமே வெள்ளையாகிவிட்டது.

தற்காலிகமாகக் காப்பாற்றியது கேள்விக்குறிப் புள்ளி: ஊர்?.பின்கோடு. ஊர் இல்லாவிட்டால் உடையாமல் அன்டிஃபைன்டைத் தரும். ஆனால் இதைக் கறிவேப்பிலை மாதிரி எல்லாவற்றிலும் தூவுகிறவர்களைப் பார்க்கிறேன். ஆர்டர்?.வாங்குபவர்?.முகவரி?.ஊர் என்று நாலு கேள்வி கேட்டால் எதில் காலி என்று யாருக்கும் தெரியாமல் போகும். வாங்குபவரே இல்லாத ஆர்டர் இருக்கவே கூடாது, அங்கே உடையட்டும். முகவரி பிறகு வரலாம் என்றால் அங்கே மட்டும் கேள்விக்குறி போதும். சரியான தீர்வு பழைய பதிவுகளைப் பின்கோடு வைத்து மாற்றியதுதான். ஆம்பூருக்கு 635802. ஊர்ப் பெயரை வைத்து மாற்றாதீர்கள். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது.

8. திரையில் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று தேதி தெரிந்தால் அது காலித் தேதி. நல்லைத் தேதியாக மாற்றினால் கணினிக் காலத்தின் தொடக்கம் கிடைக்கும், நம் நேரப்படி அதிகாலை ஐந்தரை. அன்டிஃபைன்டைக் கொடுத்தால் செல்லாத தேதி என்று நேராகச் சொல்லிவிடும். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 போட்டுவிடும் பழக்கமும் இதில் சேர்த்தி. தொடக்ககால ஆதார் அட்டைகள் பலவற்றில் பிறந்த ஆண்டு மட்டுமே இருந்தது, அதுவே நாணயமான வழி. ஆண்டு தெரியும், நாள் தெரியாது என்றால் இரண்டையும் தனித்தனிக் கட்டமாக வையுங்கள்.

9. அளக்காததை 0 என்று பதியாதீர்கள். பாலாற்றங்கரையில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். ஆற்றில் கலந்த தோல் ஆலைக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் பக்கம் வைத்தது. கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. இப்போது ஒரு வாரத்தின் அளவுகளைப் பட்டியலிடுகிறோம் என்று வையுங்கள். ஒருநாள் மாதிரி எடுக்கவில்லை. ஒருநாள் எடுத்தார்கள், ஆனால் கருவி காணக்கூடிய அளவுக்கும் கீழே. ஒருநாள் கருவியே பழுது. மூன்றுக்கும் 0 போட்டால் சராசரி அழகாக இறங்கும், தண்ணீர் இறங்கியிருக்காது.

தரவுத்தளத்தில் நல்லாக விட்டால் சராசரி கணக்கிடும் ஏவிஜி அதைத் தானே தவிர்த்துவிடும். 10, நல், 20 என்றால் சராசரி 15. நல்லுக்குப் பதில் 0 என்றால் 10. அதோடு ‘நிலை’ என்று ஒரு கட்டம் சேர்த்து ‘எடுக்கவில்லை’, ‘காணும் அளவுக்குக் கீழ்’, ‘கருவிப் பழுது’ என்று காரணத்தையும் எழுதுங்கள், ஏனென்றால் நல்லுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. எத்தனை வரி என்று எண்ணும்போதும் பாருங்கள்: கவுண்டுக்கு நட்சத்திரம் கொடுத்தால் எல்லா வரியையும் எண்ணும், கட்டத்தின் பெயரைக் கொடுத்தால் நல் இல்லாததை மட்டும் எண்ணும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் எத்தனை நாள் அளக்கவில்லை என்பது தானே தெரிந்துவிடும். கேள்வி எழுதும்போது சமக்குறி போட்டு நல்லைத் தேடாதீர்கள். தரவுத்தளத்தில் நல்லுக்கு நல்லும் சமமில்லை. ‘இஸ் நல்’ என்றுதான் கேட்க வேண்டும். ‘நாட் இன்’ பட்டியலுக்குள் ஒரு நல் நுழைந்துவிட்டால் ஒரு வரிகூடத் திரும்பி வராது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலை போனது.

10. ஜேசனாக அனுப்பும்போது அன்டிஃபைன்ட் கட்டம் பெயரோடு காணாமல் போகும். நேன் நல்லாக மாறிவிடும். உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் அன்டிஃபைன்டைப் போட்டால் அந்தச் சொல்லே சரமாகச் சேமிக்கப்படும், பிறகு எடுக்கும்போது ‘மதிப்பு இருக்கிறது’ என்று நம்பவைக்கும். போடுமுன் பாருங்கள்.

11. பழைய பி.எச்.பி. தளத்தைக் கையில் எடுத்தால் தொடக்க மதிப்பில்லாத மாறிகளை முதலில் தேடுங்கள். ஒருகாலத்தில் ரிஜிஸ்டர் குளோபல்ஸ் என்று ஓர் அமைப்பு இருந்தது. முகவரிப் பட்டையில் கேள்விக்குறிக்குப் பின்னால் எந்தப் பெயரை அடித்தாலும் அது மாறியாக உள்ளே வந்துவிடும். $அனுமதி என்று தொடக்க மதிப்பில்லாமல் விட்டிருந்தால் வெளியாள் ‘அனுமதி=1’ என்று அடித்தே உள்ளே போய்விடலாம். காலி டப்பாவில் பக்கத்து வீட்டுக்காரர் எதையாவது போட்டுவிட்டுப் போவது மாதிரி. 2002-இல் அது இயல்பாக அணைக்கப்பட்டது, 2012-இல் அடியோடு நீங்கியது. 2020 நவம்பரில் வந்த 8-ஆம் பதிப்பு, அறிவிக்காத மாறியைத் தொட்டால் முன்பு போல் மெல்லக் குறிப்பு சொல்லாமல் எச்சரிக்கையே கொடுக்கிறது. @ குறி போட்டு அந்த எச்சரிக்கையின் வாயை அடைக்காதீர்கள். வாடிக்கையாளர் திரையில் வராமல் பதிவுக் கோப்புக்குப் போகும்படி வையுங்கள், காலையில் டீயோடு படிக்கலாம்.

12. டைப்ஸ்கிரிப்ட் தெரிந்தவர்கள் கண்டிப்பான நல் சோதனையைப் போட்டுவையுங்கள். 2016-இல் 2-ஆம் பதிப்போடு வந்தது. நல் வரக்கூடிய ஒவ்வொரு இடத்தையும் எழுதும்போதே சிவப்பாகக் காட்டிவிடும். நல்லை 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் கொண்டுவந்த டோனி ஹோர், 2009-இல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று தானே ஒப்புக்கொண்டார். வந்த செலவைப் பார்த்தால் அவர் குறைத்துத்தான் சொன்னார் என்பது என் எண்ணம்.

13. திரையில் என்ன காட்டுவது என்பதைப் படிக்கிறவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் பக்கங்களில் ‘பதியவில்லை’, ‘பொருந்தாது’, ‘0’ மூன்றும் வேறு வேறு. வெறும் கோடு போட்டபோது “இது மைனஸா?” என்று கேட்டார்கள்.

14. விடுமுறை நாளில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். காலிப் பட்டியலைச் சோதிக்க இதைவிட நல்ல நாள் இல்லை. தொடக்க மதிப்பு கொடுக்காத ரெட்யூஸ் காலிப் பட்டியலில் பிழை விடும். அதிகபட்சம் கேட்டால் மைனஸ் முடிவிலி என்று வரும். எங்கள் ‘இன்றைய சிறந்த லைன்’ கட்டத்தில் ஒருமுறை அதுவே வந்தது. எவ்ரி போட்டு “எல்லா ஜோடியும் தேறியதா?” என்று கேட்டால் இன்னும் அழகு. ஒன்றுமே இல்லாத பட்டியலுக்கு அது ‘ஆம்’ என்கிறது. பக்ரீத் அன்று கம்பெனி பூட்டிக் கிடந்தது, பாய் போனில் படம் எடுத்து அனுப்பினார்: பச்சை விளக்கு, ‘இன்று 100% தேர்ச்சி’. கூடவே ஒரு குரல்பதிவு: “ஏம்மா, லீவு விட்டா இவ்ளோ நல்லா வேல நடக்குதா?”